டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை நீங்களே மாட்டலாம்: வயரிங் முதல் கெயின் வரை

வண்டி வயரிங்தான் என் பிழைப்பு. பிக்கப் வைத்திருப்பவர்கள் டிரெய்லர் ஒன்று வாங்கியதும் பிரேக் கன்ட்ரோலர் பெட்டியோடு என்னிடம் வந்து, "இதை மாட்டிக் கொடுங்க" என்பார்கள். மாட்டிக் கொடுப்பேன். ஆனால் கொஞ்சம் ஆர்வம் தெரிந்தால், "நீங்களே மாட்டுங்க, நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். காரணம் இருக்கிறது. என் அனுபவத்தில் கன்ட்ரோலருக்குள் பழுது வருவது அபூர்வம். பழுது வருவதெல்லாம் இணைப்புகளில். தன் கையால் இணைத்தவருக்கு எந்த வயர் எந்த வழியாகப் போகிறது, எங்கே எர்த் எடுத்திருக்கிறது என்பதெல்லாம் மனதில் இருக்கும். மலைப்பாதையில் திரையில் ஏதோ பிழை காட்டினால் திகைத்து நிற்க மாட்டார்.

முதலில் இது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். எலெக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லரில் ஒவ்வொரு சக்கர டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுத்தால், சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். டிரம் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். காந்தம் ஒரு நெம்புகோலின் முனையில் இருப்பதால், அந்த இழுப்பு நெம்புகோல் வழியாக பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு பிரேக். நீங்கள் பெடலை மிதிக்கும்போது எவ்வளவு மின்சாரம் பின்னால் போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கன்ட்ரோலரின் வேலை. அது மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி, துடிப்புகளாக அனுப்பி அளவைக் கூட்டிக் குறைக்கிறது.

10 அங்குல, 12 அங்குல டிரம் பிரேக்குகளில் ஒரு காந்தம் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்ப் எடுக்கும். ஒரு அச்சு என்றால் 6 ஆம்ப், இரண்டு அச்சு என்றால் 12, மூன்று அச்சு என்றால் 18. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயர் தடிமன், சர்க்யூட் பிரேக்கர், கடைசியில் பழுது பார்ப்பது எல்லாமே இதை வைத்துத்தான்.

இந்த முறை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா பக்கம்தான் அதிகம். ஐரோப்பாவில் டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே தானாகப் பிடிக்கும் பிரேக் பரவலாக இருப்பதால் அங்கே கன்ட்ரோலருக்கு வேலை குறைவு. ஆஸ்திரேலியாவில் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்று போனால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ. உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், டிரெய்லரில் பிரேக் இருக்கிறது என்றாலே கன்ட்ரோலர் மாட்டிவிடுங்கள், எடை எவ்வளவாக இருந்தாலும் சரி.

எந்த வகை வாங்குவது

இரண்டு வகை உண்டு. ஒன்று நேரத்தை வைத்து இயங்குவது: பெடலை மிதித்ததும், நீங்கள் செட் செய்த அளவை நோக்கி மெதுவாக மின்சாரம் ஏறும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். இன்னொன்று வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதை உள்ளே இருக்கும் சென்சாரால் உணர்ந்து, அதற்கேற்ப டிரெய்லர் பிரேக்கைப் பிடிப்பது. இரண்டாவதை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் போக்குவரத்து நெரிசலில் மெதுவாக நிறுத்தி நிறுத்திப் போகும்போது பின்னாலிருந்து குலுக்கல் வராது. திடீரென்று ஓங்கி மிதிக்கும்போது டிரெய்லர் பிரேக்கும் உடனே முழு பலத்தோடு பிடிக்கும். டெகோன்ஷா நிறுவனத்தின் பிராடிஜி பி3 இந்த வகை. ஆஸ்திரேலியாவில் அதிகம் பார்க்கும் ரெடார்க் டோ-ப்ரோ எலைட்டும் வேகக் குறைவை உணர்ந்து இயங்குவதுதான். அதில் பெட்டியை டேஷ்போர்டுக்குள் மறைத்துவிட்டு ஒரு திருகு குமிழ் மட்டும் வெளியே வரும்படி வைக்கலாம். பின்பக்க சாக்கெட்டிலேயே செருகிவிட்டு போனில் கட்டுப்படுத்தும் வகையும் வந்துவிட்டது. அதற்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

வாங்கும் முன் வண்டிக்கு அடியிலும் டேஷ்போர்டுக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். டிரெய்லர் இழுப்பதற்கான பாகங்களை (டோ பேக்கேஜ்) கம்பெனியிலேயே பொருத்தி வந்த பிக்கப் என்றால், பின்னால் ஏழு முனை சாக்கெட் இருக்கும், பெடல்களுக்கு மேலே கன்ட்ரோலருக்கென்றே ஒரு கனெக்டரும் காலியாகத் தொங்கும். சில வண்டிகளில் அதற்கான இணைப்பு வயர் கையேடுகளோடு சேர்ந்து டேஷ்போர்டு அறையிலேயே கிடக்கும், யாரும் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டி மாடலுக்கும் கன்ட்ரோலருக்கும் பொருந்தும் இணைப்பு வயரை வாங்கிச் செருகினால் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய் கெயின், அதாவது டிரெய்லர் பிரேக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு பலம் போகலாம் என்ற அளவை, செட் செய்வதைப் படியுங்கள். ஒன்று மட்டும்: கனெக்டர் இருக்கிறது என்பதால் மின்சாரம் வருகிறது என்று அர்த்தமில்லை. சில வண்டிகளில் பானெட்டுக்குள் ஒரு ஃபியூஸோ ரிலேவோ போட்டால்தான் அந்தக் கனெக்டர் உயிர் பெறும்.

கனெக்டர் இல்லாத வண்டிக்குத்தான் மீதி எல்லாம்.

நான்கு வயர்

கன்ட்ரோலரிலிருந்து நான்கு வயர் வரும். வட அமெரிக்க வழக்கப்படி கறுப்பு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வரும் மின்சாரம். வெள்ளை எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. சிவப்பு, பிரேக் பெடலை மிதித்தீர்களா என்று சொல்லும் வயர். நீலம், டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் வயர். மற்ற நாட்டுக் கருவிகளில் நிறம் மாறலாம், கையேட்டைப் பார்த்துத் தொடுங்கள். சிவப்பு என்றதும் பேட்டரி பாசிட்டிவ் என்று கை தானாகப் போகும். இங்கே அப்படி இல்லை. கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிக் கொடுத்தால் கன்ட்ரோலர் அந்த நொடியே கெட்டுப்போகலாம்.

சிவப்பு வயரை எங்கே சேர்ப்பது என்பதில்தான் எல்லோருக்கும் நேரம் போகிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குங்கள். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் சோதிக்க மின்சாரம் வேண்டும். பெடலின் மேல்பகுதியில், அதன் தண்டைத் தொட்டபடி ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதுதான் பிரேக் லைட் சுவிட்ச். அதிலிருந்து வெளியேறும் வயர்களில் ஒன்றில், பெடலை மிதிக்காதபோது மின்சாரம் இருக்கக்கூடாது, மிதித்ததும் 12 வோல்ட் வர வேண்டும். அதுதான் நமக்கு வேண்டிய வயர். சுவிட்சின் மறுபக்கத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும் வயர் ஒன்று உண்டு. அதில் சேர்த்துவிட்டால் நீங்கள் எப்போதும் பிரேக் பிடித்தபடியே இருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நான் மல்டிமீட்டரைத்தான் பயன்படுத்துவேன். கறுப்பு முனையைச் சுத்தமான எர்த்தில் கிளிப் போட்டுவிட்டு, சிவப்பு முனையை கனெக்டரின் பின்பக்கமாக, வயர் உள்ளே நுழையும் இடுக்கில் மெதுவாக நுழைப்பேன். வயரின் தோலைக் குத்தித் துளைப்பதில்லை. குத்திய இடத்தில் ஈரம் போய் ஓரிரு வருடத்தில் உள்ளே பச்சை பிடித்துவிடும். பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது மகளின் வேலை. நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடக்க, மேலிருந்து "மிதிச்சிருக்கேன்ப்பா... விட்டுட்டேன்" என்று குரல் வரும். அவள் சொல்லும் ஒவ்வொரு முறையும் மீட்டர் சரியாக ஏறி இறங்க வேண்டும். அப்புறம் அதே வயரில் முனையை வைத்தபடியே இண்டிகேட்டரைப் போடச் சொல்லுங்கள், நான்கு பக்கமும் மினுக்கும் ஹசார்டு விளக்கைப் போடச் சொல்லுங்கள், சாவியை ஆன் செய்து ஆஃப் செய்யச் சொல்லுங்கள். எதற்கும் அந்த வயர் அசையக்கூடாது, பெடலுக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். ஹசார்டு போடும்போது மினுக்கும் வயரில் சேர்த்துவிட்டால், சாலை ஓரம் ஒதுங்கும் நேரத்தில் டிரெய்லர் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும்.

புதிய வண்டிகள் சிலவற்றில் இந்தச் சுவிட்ச் நேராக விளக்கை எரிப்பதில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குச் சிறு சிக்னல் கொடுக்கிறது, விளக்கை அந்தக் கம்ப்யூட்டர் எரிக்கிறது. மிதிக்கும்போது 12 வோல்ட்டுக்குப் பதிலாக வேறு ஏதோ எண் வந்தாலோ, சுவிட்சில் நான்கைந்து மெல்லிய வயர்கள் இருந்தாலோ சந்தேகப்படுங்கள். அங்கே கை வைக்க வேண்டாம். பின் கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டுக்குப் போகும் வயரைப் பிடியுங்கள், பிரேக்குக்கு மட்டும் எரியும் விளக்கு அது. அதையும் மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டுதான் சேர்க்க வேண்டும்.

வயர் கிடைத்துவிட்டதா, அதில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றி அடையாளம் வையுங்கள். இப்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு சில நிமிடம் சும்மா இருங்கள். ஏர்பேக் வயரிங் பக்கத்திலேயே ஓடுகிறது, அதில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது, தொடவே கூடாது.

பெட்டியை எங்கே பொருத்துவது

ஓட்டும்போது குனியாமல் கை எட்ட வேண்டும். எதற்கென்றால், கன்ட்ரோலரில் கையால் தள்ளும் ஒரு நெம்பு அல்லது பட்டன் இருக்கிறது. பெடலைத் தொடாமல் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிப்பது அது. காற்றிலோ இறக்கத்திலோ டிரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால், வண்டியின் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் திருப்பக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு அந்த நெம்பை மெதுவாகத் தள்ள வேண்டும். பின்னால் இழுவை வந்து டிரெய்லர் நேராகும். அந்த நேரத்தில் கை துழாவக் கூடாது. அதனால் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ, உங்கள் கை இயல்பாக விழும் இடத்தில் வையுங்கள். சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கையை நீட்டிப் பாருங்கள், அங்கேதான் இடம்.

முழங்கால் இடிக்கும் இடத்தில் வேண்டாம். விபத்தில் அந்த முனைதான் முதலில் முட்டியைப் பதம் பார்க்கும். பல வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் ஏர்பேக் இருக்கிறது. அந்த மூடியில் துளை போடுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. சென்சார் உள்ள பல கன்ட்ரோலர்களில் பெட்டியின் நீளவாக்கு, வண்டி போகும் திசையோடு நேராக இருக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருக்கலாமா, எவ்வளவு சாயலாம் என்பது மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். துளை போடும் முன் பேனலைக் கழற்றி அதன் பின்னால் என்ன ஓடுகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மின்சாரமும் எர்த்தும்

கறுப்பு வயர் பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனியாக வர வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் ஏதோ ஒரு காலியிடத்தில் சொருகுவது, ரேடியோ வயரில் தட்டுவது எல்லாம் வேண்டாம். நடுவில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் போட வேண்டும்: இரண்டு அச்சு வரை 20 ஆம்ப், மூன்று அச்சுக்கு 30 ஆம்ப். வெட்டியதும் ஆறிய பின் தானாகவே மீண்டும் இணைத்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஃபியூஸ் எரிந்தால் அந்தப் பயணம் முழுக்க டிரெய்லருக்கு பிரேக் இல்லை. பிரேக்கர் என்றால் சில நொடிகளில் திரும்பி வந்துவிடும். பெரும்பாலும் அதில் இரண்டு திருகுகள் இருக்கும். பித்தளை நிறத்தது பேட்டரிக்கு, வெள்ளி நிறத்தது கன்ட்ரோலருக்கு. பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். பேட்டரிக்கும் பிரேக்கருக்கும் நடுவிலிருக்கும் துண்டு வயருக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

வயர் தடிமனில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 12 கேஜ் குறைந்தபட்சம், 10 கேஜ் என்றால் நிம்மதி (கேஜ் எண் குறைந்தால் வயரின் தடிமன் கூடும்). ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு அச்சு டிரெய்லருக்கு 12 ஆம்ப். கன்ட்ரோலரிலிருந்து டிரெய்லர் அச்சு வரை 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 கேஜ் வயர் என்றால் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.013 ஓம், மொத்தம் 0.16 ஓம். 12 ஆம்ப் ஓடும்போது வழியிலேயே ஏறக்குறைய 1.9 வோல்ட் தின்றுவிடும். இது போகும் வழிக்கு மட்டும், திரும்பி வரும் எர்த் வழி தனி. 12 வோல்ட்டில் இவ்வளவு வழியிலேயே போனால் காந்தத்துக்கு என்ன மிஞ்சும்? அதே தூரத்துக்கு 10 கேஜ் போட்டால் அரை வோல்ட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

எஞ்சின் அறையிலிருந்து வயரை உள்ளே கொண்டுவர, ஏற்கனவே வயர்கள் நுழையும் ரப்பர் அடைப்பு ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் சிறு துளையிட்டு நுழையுங்கள். புதிதாகத் தகட்டில் துளை போட்டால் ஓரத்துக்கு ரப்பர் வளையம் கட்டாயம். வெறும் தகட்டின் விளிம்பு ஆட்டத்தில் வயரின் தோலை மெல்ல மெல்ல அறுத்துவிடும்.

வெள்ளை வயரை பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டு போங்கள். பக்கத்தில் கிடைத்த போல்ட்டில் மாட்டிவிடலாம் என்று தோன்றும். வேலை செய்யவும் செய்யும், கொஞ்ச நாளைக்கு.

ஆனால் எர்த் என்றதும் எல்லோரும் கன்ட்ரோலரின் வெள்ளை வயரையே நினைக்கிறார்கள். காந்தங்களுக்குப் போன மின்சாரம் திரும்பி வருவது பின்னால் இருக்கும் ஏழு முனை சாக்கெட்டின் எர்த் முனை வழியாக. ஒருவர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். கெயினை உச்சத்தில் வைத்தும் டிரெய்லர் பிடிக்கவில்லை, கன்ட்ரோலர் போய்விட்டது, வேறு வாங்கலாமா என்று கேட்டார். டிரெய்லரை மாட்டி, கைநெம்பை முழுதாகத் தள்ளிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை சாக்கெட்டின் பின்னால் வெள்ளை வயரிலும் வைத்தேன். நல்ல எர்த் என்றால் அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கீழே படுத்துப் பார்த்தால், சாக்கெட்டின் எர்த் லக்கை (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) பெயிண்ட் அடித்த தகட்டின் மேல் அப்படியே ஒரு சிறு திருகால் முடுக்கியிருந்தார்கள். லக்குக்கு அடியில் பெயிண்ட் முழுசாக இருந்தது. திருகின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதையும் சுற்றித் துரு. பெயிண்டைச் சுரண்டி இரும்பைப் பளபளவென்று ஆக்கி, பல் உள்ள வாஷர் போட்டு போல்ட் நட்டால் இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். அதே கன்ட்ரோலர்தான். கெயினைப் பாதிக்குக் குறைக்க வேண்டியிருந்தது.

டிரெய்லர் பக்கமும் இதே கதைதான். இழுவைக் குண்டும் அதன் மேல் உட்காரும் கிண்ணமும் உரசுவதால் எர்த் கிடைத்துவிடும் என்று நம்பி விட்டிருப்பார்கள். அங்கே கிரீஸ் இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. எர்த் கேபிள் வழியாகத்தான் வர வேண்டும்.

நீல வயர்

கன்ட்ரோலரின் நீலம், சாக்கெட்டின் பிரேக் முனைக்குப் போக வேண்டும். வண்டியின் சட்டத்தை ஒட்டி ஏற்கனவே ஓடும் வயர்க் கட்டின் வழியே கொண்டு போனால் பாதுகாப்பு. சைலன்சர் குழாயிலிருந்து தள்ளியே இருக்கட்டும். பிளாஸ்டிக் உறைக் குழாய்க்குள் விட்டு, ஒரு கை நீளத்துக்கு ஒரு டை போடுங்கள். அச்சும் ஸ்பிரிங்கும் அசையும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். சாக்கெட்டில் எந்த முனை எது என்பதை மூடியின் உட்புறத்திலோ பின்புறத்திலோ எழுதியிருப்பார்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு யாராவது கை வைத்த வண்டி என்றால் நிறம் பொய் சொல்லும். நீலமும் பேட்டரி மின்சாரமும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது.

இணைப்புகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. வயரின் மேல் வைத்து இடுக்கியால் அழுத்தினால் கத்தி போல் தோலை வெட்டிப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பெட்டியோடு கொடுப்பார்கள். பிரேக் சம்பந்தப்பட்ட வேலையில் அவற்றை நான் பயன்படுத்துவதில்லை. கொஞ்சம் இழைகளைத்தான் அவை பிடிக்கும், சிலவற்றை வெட்டியும்விடும். சூடாக்கினால் சுருங்கி உள்ளே பசை உருகி அடைக்கும் கிரிம்ப் இணைப்பிகளை வாங்குங்கள். வயருக்கேற்ற அளவு, நல்ல கிரிம்ப் இடுக்கி. கிரிம்ப் செய்ததும் இரண்டு பக்கமும் பிடித்து பலமாக இழுத்துப் பாருங்கள். இழுப்புக்கு வந்துவிட்டால் நல்லது, சாலையில் வருவதற்குப் பதில் இங்கேயே வந்தது. பிறகு சூடாக்குங்கள், இரு ஓரத்திலும் பசை ஒரு வளையமாகக் கசியும் வரை.

சோதனை

பேட்டரியை மீண்டும் இணைத்து, டிரெய்லர் இல்லாமலே முதல் சோதனை. ஒரு குண்டு பல்பு டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை எர்த்தில் போட்டு, முனையை சாக்கெட்டின் பிரேக் முனையில் வையுங்கள். உள்ளே ஒருவர் கைநெம்பை மெதுவாகத் தள்ளட்டும். விளக்கு மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகப் பிரகாசமாக வேண்டும். எல்இடி டெஸ்டர் இதற்கு உதவாது, துளி மின்சாரத்துக்கே முழுதாக எரிந்து ஏமாற்றும்.

அடுத்து டிரெய்லரை மாட்டுங்கள். பிராடிஜி போன்ற கன்ட்ரோலர்கள் டிரெய்லர் இணைந்ததும் திரையில் காட்டும். இணையவில்லை என்று சொன்னால், டிரெய்லர் பிளக்கின் நீல வயரிலோ எர்த்திலோ பிரச்சினை. இப்போது எளிமையான ஒரு தந்திரம்: திசைகாட்டி ஒன்றை, அந்தச் சின்ன காந்த ஊசி வகையைத்தான் சொல்கிறேன், ஒவ்வொரு சக்கர டிரம்முக்குப் பக்கத்திலும் பிடியுங்கள். கைநெம்பைத் தள்ளும்போது ஊசி துள்ளித் திரும்பினால் அந்தக் காந்தத்துக்கு மின்சாரம் வருகிறது. டிரெய்லரைத் தூக்காமலே நான்கு சக்கரத்தையும் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். திருப்தியில்லை என்றால் ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, கையால் சுழற்றி விட்டுப் பிரேக் பிடித்துப் பாருங்கள்.

டிரெய்லரில் பிரேக்அவே சுவிட்ச் இருக்கிறதல்லவா, டிரெய்லர் கழன்றால் கயிறு இழுத்து டிரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து பிரேக்கைப் பிடிக்கும் சுவிட்ச், அதையும் இப்போதே சோதியுங்கள். ஆனால் முதலில் ஏழு முனை பிளக்கை வண்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே கயிற்றின் முனையில் சுவிட்சில் செருகியிருக்கும் முள்ளை இழுத்தால் டிரெய்லர் பேட்டரியின் மின்சாரம் பின்வழியாக வந்து கன்ட்ரோலரைச் சேதப்படுத்தலாம். முள்ளை இழுத்ததும் சக்கரங்கள் பிடிக்க வேண்டும். பார்த்ததும் உடனே திருப்பிச் செருகிவிடுங்கள். இதை நிறுத்தி வைக்கும் பிரேக்காகப் பயன்படுத்தினால் பேட்டரியும் தீரும், காந்தமும் சூடேறும்.

கெயின் செட் செய்வது

வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஓர் எண்ணை வைத்துவிட்டுப் போக முடியாது. நீங்கள் இழுக்கப்போகும் அதே டிரெய்லர், ஏற்றப்போகும் அதே சுமை, சமமான காய்ந்த தார்ச்சாலை, போக்குவரத்து இல்லாத நேரம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், பெடலைத் தொடாமல் கைநெம்பை மட்டும் முழுதாகத் தள்ளுங்கள். டிரெய்லர் உங்களைப் பின்னால் இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். இழுப்பு போதவில்லை என்றால் கெயினைக் கொஞ்சம் ஏற்றித் திரும்பச் செய்யுங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் கட்டம் வந்ததும், அதிலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்துங்கள். பிறகு சாதாரணமாகப் பெடலால் பிடித்துப் பாருங்கள். பின்னாலிருந்து தள்ளுவதும் தெரியக்கூடாது, இழுப்பதும் தெரியக்கூடாது. சுமை இறங்கினால் கெயினும் இறங்க வேண்டும். காலி டிரெய்லரை முழுச்சுமை கெயினோடு இழுத்தால் முதல் ஈரச்சாலையிலேயே சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கெயினைத் தவிர, பிரேக் தொடங்கும்போதே எவ்வளவு பலத்தோடு தொடங்க வேண்டும் என்பதற்கு பூஸ்ட் என்று ஓர் அமைப்பு சில கன்ட்ரோலர்களில் உண்டு. டிரெய்லர் உங்கள் பிக்கப்பை விட எடை கூடியது என்றால் பயன்படும். முதலில் பூஸ்ட் இல்லாமல் கெயினைச் சரி செய்து ஓட்டிப் பழகிவிட்டு, அப்புறம் அதைத் தொடுங்கள். டிரெய்லரில் மின்சாரத்தால் ஹைட்ராலிக் பம்ப்பை இயக்கும் பிரேக் இருந்தால், கன்ட்ரோலரின் அமைப்பில் அந்த வகையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

பிரேக் லைனிங் புதிது என்றால் முதல் நாளே முழு பலம் கிடைக்காது. மணிக்கு 65 கி.மீ. வேகத்திலிருந்து 30 வரை இறங்குமாறு இருபது, முப்பது முறை பிடித்து விட்டு, ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஆறவிட்டால் லைனிங் டிரம்மோடு பொருந்தி உட்காரும். அதற்குப் பிறகு கெயினை மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும். முதல் 300 கிலோமீட்டர் வாக்கில் ஷூ இடைவெளியையும் பாருங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளாத வகை என்றால், டிரம்மை மூடும் பின்தட்டில் உள்ள துளை வழியாகப் பல்சக்கரத்தைத் திருப்பி, சக்கரம் கையால் சுழற்ற மிகவும் கடினமாகும் வரை இறுக்கி, பிறகு லேசான உரசலோடு தாராளமாகச் சுழலும் வரை தளர்த்துங்கள். ஷூ தள்ளி நிற்கும் டிரெய்லரில் எவ்வளவு கெயின் ஏற்றினாலும் பிரேக் தாமதமாகத்தான் வரும்.

பிற்பாடு என்றாவது பிரேக் பலம் குறைந்ததாகத் தோன்றினால், கன்ட்ரோலரைச் சந்தேகிக்கும் முன் நீல வயரின் நடுவே ஆம்ப் மீட்டரை வைத்து, கெயினை உச்சத்தில் வைத்துக் கைநெம்பை முழுதாகத் தள்ளுங்கள். மேலே சொன்ன கணக்குதான்: நான்கு காந்தத்துக்கு 12 ஆம்ப்பை ஒட்டி வர வேண்டும். 9 வந்தால் ஏதோ ஒரு காந்தம் துண்டித்துக்கொண்டிருக்கிறது, திசைகாட்டியை எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். எல்லாக் காந்தத்திலும் ஊசி திரும்பியும் ஆம்ப் குறைவாக இருந்தால் எர்த்தையும் பிளக் முனைகளையும் பாருங்கள், பெரும்பாலும் பச்சை பூத்திருக்கும். 12க்கு வெகுவாக மேலே போனால் எங்கோ தோல் உரிந்து ஷார்ட் ஆகிறது, அநேகமாக அச்சுக் குழாய்க்குள் ஓடும் வயரில். அந்த வயரைக் குழாய்க்கு வெளியே கொண்டுவந்து, உறை போட்டுப் புதிதாக ஓட்டிவிடுங்கள்.